சாமி குளித்த தண்ணீர்

போடி ஜீப் ஸ்டாண்டில் புதிதாக வண்டி ஓட்ட வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று சங்கச் செயலாளர் வீடு தேடி வந்தார். போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்கு முப்பத்தோரு வருடம் ஆள் ஏற்றிக்கொண்டு போய் வந்தவன் நான். ஸ்டியரிங்கை விட்டு மூன்று வருடம் ஆகிறது. "கஷ்டத்துல நீங்க கத்துக்கிட்டத எழுதுங்கண்ணே. கொஞ்சம் ஆன்மிகமா இருந்தா நல்லாருக்கும்" என்றார். பாயசத்தை இறக்கும் நேரத்தில் இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடச் சொல்கிற மாதிரி சொன்னார்.

போன வாரம் ஸ்டாண்டுக்கு வந்து உங்கள் வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு வண்டியிலும் முன்னால் நாலு சாமி, நாலுக்கும் கலர் லைட்டு. ஒரு தம்பி 'கஷ்டமே கடவுள் தரும் பாடம்' என்று பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். அந்த வண்டியின் பின் டயரைத் தடவிப் பார்த்தேன். என் வழுக்கைத் தலைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஏறினால் பிரேக் தானாகப் பிடிக்கும் என்று நம்புகிற கூட்டம் நீங்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். இருந்தவன் என்ன, தலைவர் பதவிக்கே ஆசைப்பட்டவன்.

கஷ்டம் வந்தால் மனிதன் பக்குவப்படுவான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குக் கஷ்டம் வந்தபோது பக்குவம் வரவில்லை, தலைக்கனம்தான் வந்தது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். செயலாளர் கத்தரி போடாமல் அச்சடித்தால் சரி.

பன்னிரண்டு வருடம் இருக்கும். என் மனைவி ஈசுவரிக்குக் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புரட்டாசியில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே அவள் கிடந்தாள், வெளியே நான் சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். இவள் பிழைத்து வந்தால் இந்தக் கார்த்திகைக்கு மாலை போட்டு, ஒரு குறையும் இல்லாமல் விரதம் இருந்து மலைக்கு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அந்த நேரத்துப் பயம் உண்மை. அதை நான் கேலி செய்யவில்லை.

அவள் பிழைத்து வந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு நர்ஸம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு மாசத்துக்கு ஒரு கொடம் தண்ணிகூடத் தூக்கவிடாதீங்க. உள்தையல் ஆற அவ்வளவு நாளாகும்" என்றார். நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நம் தொழில்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து பதினைந்து நாள் கூட இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டேன். அன்றிலிருந்து ஊரே என்னைச் 'சாமி' என்று கூப்பிட்டது. மாலை போட்ட எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு மறந்துபோனது. எங்கள் குருசாமி சொன்ன விரதம் சாதாரணமானது. எனக்கு அது போதவில்லை. காலையும் மாலையும் பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒரே வேளைச் சாப்பாடு, எனக்கென்று தனிப் பாத்திரம், தினமும் வீடு கழுவ வேண்டும் என்று நானாகவே கூட்டிக்கொண்டேன். ஸ்டாண்டில் மற்றவர்கள் டீ குடிக்கும்போது நான் கண்ணை மூடி நிற்பேன். யாராவது பார்க்கிறார்களா என்று நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்வேன்.

விடியுமுன் எழுந்து குளியலறைக்குப் போனால் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். சாயங்காலம் வந்தாலும் நிறைந்திருக்கும். எங்கள் வீட்டில் குழாய் கிடையாது. தெருமுனைக் குழாயில் காலை இருட்டோடும் சாயங்காலமும் தண்ணீர் விடுவார்கள், பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். தொட்டி எப்படி நிறைகிறது என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. மந்திரம் சொல்லிக்கொண்டே தலையில் ஊற்றிக்கொண்டேன். அவளுக்காக வேண்டிய விரதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுதான் கூத்து.

அதோடு விட்டேனா? ஜீப்பிலும் ஒரு சட்டம் போட்டேன். என் வண்டியில் தினமும் பதினான்கு பெண்கள் ஏலக்காய் எடுக்க மேலே வருவார்கள். மாதவிலக்கான நாட்களில் யாரும் என் வண்டியில் ஏறக்கூடாது, வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதினான்கு பேருக்கும் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். என் வயதுக்காரி, எங்கள் தெருக்காரி. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் நேரே வந்து நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்குவாள்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏஞ்சாமி, ஏலத்துக்குப் பூவும் பிஞ்சும் வந்தாத்தேன் உனக்கு லோடு. எங்களுக்கு வந்தா மட்டும் ஆகாதோ?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் கறுத்துப்போனது. "விரதத்துல வெளையாடாத ஆத்தா. யாருக்காச்சும் இருந்தா எறங்கிக்கங்க" என்றேன்.

"யாருக்கும் இல்ல, வண்டிய எடு" என்றாள் அவள். அன்றிலிருந்து தினமும் நான் கேட்பேன், தினமும் அவள் "யாருக்கும் இல்ல" என்பாள். பதினான்கு பெண்களில் ஒருத்திக்குக்கூட அந்தக் கார்த்திகை முழுவதும் மாதவிலக்கு வரவில்லை! அந்தப் பொய்யைக் கேட்டு நான் நிம்மதியாக வண்டி ஓட்டினேன். என் பக்தியின் லட்சணம் அவ்வளவுதான்.

மார்கழி பிறக்க நாலைந்து நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் போடிமெட்டுக்குக் கீழே மூன்றாவது வளைவைத் தாண்டும்போது முன்னால் மண் சரிந்து கிடந்தது. முழு ரோட்டையும் அடைக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் ஒரு ஜீப் போகிற அளவுக்கு இடம் தெரிந்தது. மேலேயிருந்து சிறுகற்கள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன.

தம்பிகளா, இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த மாதிரி இடைவெளியில் நான் அதற்கு முன்னால் பல தடவை போயிருக்கிறேன், போகாமல் திரும்பியும் இருக்கிறேன். வண்டியை நிறுத்தி, இறங்கி, ஓரத்துத் தடுப்புக்கல் ஆடுகிறதா என்று காலால் உதைத்துப் பார்ப்பேன். கீழே மண் இளகியிருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்ப்பேன். அன்றைக்கு இறங்கவே இல்லை. கழுத்தில் மாலை இருக்கிறது, எனக்கு என்ன ஆகும் என்று இருந்துவிட்டேன். இத்தனை வருடத் தொழில் புத்தியை அந்த ஒரு நினைப்பு துடைத்துப் போட்டுவிட்டது.

பின்னாலிருந்து அந்தப் பெண் தகரத்தில் ஓங்கித் தட்டினாள். "நிப்பாட்டு! நாங்க எறங்கிக்கிறோம்."

"சாமி இருக்காரு, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"சாமி இருக்காரு, மேல இருந்து கல்லு உருட்டிக்கிட்டு இருக்காரு. கண்ணத் தொறந்து ரோட்டப் பாருய்யா. எறங்குங்கடி எல்லாரும்!"

பதினான்கு பேரும் குதித்து இறங்கிப் பின்னால் தள்ளிப் போனார்கள். அதோடு நான் அடங்கியிருக்க வேண்டும். பெண்கள் முன்னால் தோற்கக்கூடாது என்று வெறும் வண்டியை எடுத்தேன். பாதி தூரம் போயிருப்பேன். இடதுபக்க முன்சக்கரம் பொதுக்கென்று இறங்கியது. தடுப்புக்கல் இரண்டு கழன்று பள்ளத்தில் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. நான் வலதுபக்கமாகத் தவழ்ந்து வெளியே வந்தேன்.

பின்சீட்டில் அவர்கள் இருந்திருந்தால், அந்தப் பாரத்தில் வண்டி நின்றிருக்காது. முந்தின நாள் மதியம் சாப்பிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வந்து தன் தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை என் முன்னால் வைத்தாள். "குடி" என்றாள்.

"விரதம்" என்றேன். அந்த நிலைமையிலும் சொன்னேன், பாருங்கள். போதாததற்கு, அவளுக்கு விலக்கு நாளாக இருக்குமோ என்ற யோசனை வேறு உள்ளே ஓடியது.

அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "ஆமா, எனக்கு இன்னைக்கு மூணாம் நாளு. இந்தக் கையால தூக்குன தண்ணியிலதேன் நீ காலையில குளிச்ச."

எனக்குப் புரியவில்லை.

"உம் பொஞ்சாதி இன்னைக்குக் கொழாயடியில அடிவயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. மொகமெல்லாம் வேர்த்துப்போச்சு. நாந்தேன் அவ கொடத்தையும் தூக்கியாந்து உன் தொட்டியில ஊத்துனேன். இந்த ஒரு மாசமா அந்தப் புள்ள காலையில எட்டுக் கொடம், சாயங்காலம் எட்டுக் கொடம் தூக்குது. வயித்துல கத்தி வச்ச பொம்பள! ஏன் ஆத்தா இப்படிப் பண்றேன்னு கேட்டா, எனக்காகத்தேன அவரு விரதம் இருக்காரு, அவருகிட்டச் சொல்லிராதக்காங்குது. நீ சாமியாய்யா?"

மழை பெய்துகொண்டிருந்தது. நான் கஞ்சியைக் குடித்தேன். உப்புக் கூடுதல். அழுததில் அப்படித் தெரிந்ததோ என்னவோ.

உடனே வீட்டுக்கு ஓடவேண்டும் போலிருந்தது. போனில் சிக்னல் இல்லை. எழுந்து கீழே இறங்கி ஓட ஆரம்பித்தேன். அதற்கும் அவள் விடவில்லை. பின்னாலிருந்து கத்தினாள். "இத்தன பேரக் கூட்டியாந்தது யாரு? இந்தக் கெழவிக்கு முட்டி மடங்காது, இவள எவன் எறக்குவான்? நீ முன்னால ஓடிப் போனா உம் பொஞ்சாதி நல்லாயிருவாளா? கூட்டி வந்தவன் கூட்டிப் போ!"

நின்றேன். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கொண்டுபோன ஆட்களைச் சரியும் மலையில் விட்டுவிட்டு ஓடுகிறவன் ஓட்டுநர் இல்லை. முட்டி வலிக்காரப் பாட்டியின் கையை என் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பாட்டி நடக்கிற வேகம்தான் என் வேகம். ஒவ்வொரு வளைவிலும் ஈசுவரி குழாயடியில் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த விரதம் என்றால் அந்த நடை ஒன்றுதான். அதை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை.

நாலு வளைவு இறங்கிய பிறகு சிக்னல் கிடைத்தது. ஈசுவரி போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டேன். "காய்ச்சல்ல பேச்சு மூச்சில்லாம கெடந்தாக. இப்பத்தேன் ஆட்டோவுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கோம்" என்றார்கள். மேலே போக முடியாமல் திரும்பிய பஸ் ஒன்று எல்லோரையும் ஏற்றிக்கொண்டது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருப்பு வேட்டி, கழுத்தில் மாலை, உடம்பெல்லாம் சேறு. அதே வார்டு, அதே நர்ஸம்மா. ஈசுவரிக்குக் கொஞ்சம் நினைவு வந்திருந்தது. உள்தையல் பிரிந்து சீழ் பிடித்திருக்கிறது, மறுபடி திறக்க வேண்டும் என்றார்கள்.

"தண்ணிக்கொடம் தூக்குனீங்களாம்மா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

ஈசுவரி என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்லம்மா" என்றாள். என் ஜீப்பில் ஏறிய பெண்கள் சொன்ன அதே பொய். என்னைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லோரும் என் சாமித்தனத்தைக் காப்பாற்றப் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"தூக்குனா. தெனமும் பதினாறு கொடம். நான் குளிக்க" என்றேன்.

நர்ஸம்மா என் மாலையை ஒருதரம் பார்த்தார். "சாமிக்கா?" என்றார். நீங்கள் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள், போலீஸ்காரரிடம், தோட்டத்துச் சூப்பர்வைசரிடம். அந்த ஒரு வார்த்தையை வாங்கிப் பாருங்கள்.

இரண்டு நாள் அவள் இருப்பாளா போவாளா என்று தெரியவில்லை. இந்தத் தடவை சுவரைப் பார்த்து எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. குருசாமிக்குப் போன் போட்டு, மாலையைக் கழற்றவா, மலைக்கு எப்படி வருவது, விரதம் கெட்டுவிட்டதே என்று புலம்பினேன். அவர் எரிச்சலோடு கேட்டார். "உன்னைய யாருய்யா இம்புட்டுக் கெடுபிடி பண்ணச் சொன்னது? மலை எங்கயும் ஓடிப் போயிராது. மாலையக் கழட்டிக் கோயில்ல குடுத்துட்டு, போயி அந்தப் புள்ள பக்கத்துல ஒக்காரு." அப்படியே செய்தேன்.

பெண்கள் வார்டில் ஆண்கள் ரொம்ப நேரம் இருக்கக்கூடாது. துணைக்கு மகள் வந்திருந்தாள். நான் செய்யக்கூடிய சோலி ஒன்றுதான் இருந்தது, துணி அலசுவது. ரத்தமும் சீழும் பட்ட துணிகளைப் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து அலசினேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலசினேன். இரண்டாம் நாள் பார்த்தே அலசினேன். ரத்தம் ரத்தமாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து எந்தச் சாமியும் எழுந்து ஓடவில்லை.

ஜீப்பை அதற்குள் மண் அள்ளும் வண்டியை வைத்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். அச்சு வளைந்துவிட்டது என்றார்கள். அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் சாப்பிடாமல் கிடப்பவன் நான். ஒன்பது நாள் அதைப் போய்ப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் ஈசுவரியை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் வெறும் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "பாதியில மாலையக் கழட்டிட்டீகளே, சாமி குத்தம் ஆயிராதா?" என்று கேட்டாள்.

"ஆச்சுன்னா எனக்கு ஆகட்டும்" என்றேன், பெரிய தியாகி மாதிரி.

"உங்களுக்கு ஆனாலும் நாந்தேன பாக்கணும்" என்றாள்.

அவள் சிரிக்கக்கூடாது, தையல் வலிக்கும். இரண்டு பேரும் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

வண்டி சரியாகி நான் மறுபடி ஸ்டாண்டுக்குப் போன காலையில், அந்தப் பெண் ஏறும் முன்னால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னைக்கு யாரும் எறங்கணுமா சாமி?" என்றாள். "ஏறு ஆத்தா" என்றேன். அவ்வளவு சுலபமாக என்னை விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அடுத்த ஒரு வருடம் தினமும் கேட்டாள்.

அடுத்த கார்த்திகையில் மாலை போட்டு, குருசாமி சொன்ன அளவுக்கு விரதம் இருந்து, மலைக்குப் போய் வந்தேன். நீங்களும் போடுங்கள், போய் வாருங்கள். நான் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. கஷ்டம் பாடம் சொல்லும் என்று கண்ணாடியில் ஒட்டுவதற்கு முன்னால், உங்கள் கஷ்டத்தை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்று மட்டும் ஒரு பார்வை பாருங்கள். மாலை போட்ட முதல் நாள், தொட்டியில் சொம்பை விடும் முன்னால் அந்தத் தண்ணீரை யார் கொண்டுவந்தது என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் நீங்களே குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

நான் கிளம்பிய முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் இருட்டோடு இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆம்பிளை வந்திருக்கிறான், திருந்திய ஆம்பிளை வேறு, வழி விடுவார்கள் என்ற நினைப்பில் நேரே குழாயடிக்குப் போய்க் குடத்தை வைத்தேன். பெயரை எழுத மாட்டேன் என்றேனே, அவள்தான் அப்போது தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என் குடத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

"வரிசையில வா சாமி" என்றாள்.

கடைசியில் போய் நின்றேன். ஈசுவரிக்கு நர்ஸம்மா சொன்ன மூன்று மாதம் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்று காலையும் அந்த வரிசையில்தான் நின்றேன்.